தையல் அறையில் என்னமோ ஒரு வாடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தையல் சொல்லிக்கொடுக்கிற இடத்தில் கட்டிங்கைப் பற்றித்தான் நிறையக் கேட்பார்கள் என்று நினைத்தேன். அப்படி இல்லை. "அந்த ரூமுக்குள்ள போனாலே ஒரு மாதிரி வாடை அடிக்குது, என்ன செய்யறது" என்று கேட்பவர்கள்தான் அதிகம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால், கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் சேர்த்திருக்கிறேன். மேலிருந்தே படியுங்கள், கீழே போகப் போக "முன்னமே சொன்னேனே" என்று விட்டுவிடுவேன்.

தினமும் பெருக்கித் துடைக்கிறேன், அப்புறமும் ஏன் வாடை வருது?

ஏனென்றால் வாடை தரையில் இல்லை, துணியில் இருக்கிறது. மற்ற அறைகளில் நாற்காலியும் மேஜையும் இருக்கும், உங்கள் அறையில் அடுக்கடுக்காகத் துணி இருக்கிறது. அதுவும் மடித்து, நெருக்கி, காற்றுப் புகாமல். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதம் இருக்கும்போது பருத்தி தன் எடையில் 7, 8 சதவீதம் தண்ணீரை உள்ளே வைத்திருக்கும், கம்பளி 14 முதல் 16 சதவீதம் வரை வைத்திருக்கும், தொட்டுப் பார்த்தால் இரண்டுமே காய்ந்த துணி மாதிரிதான் இருக்கும். அந்த ஈரத்தோடு அறையில் உலவுகிற சமையல் ஆவி, வியர்வை, எண்ணெய், புகை எல்லாவற்றின் வாடையும் சேர்ந்து இழைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது.

இது புரிந்துவிட்டால் மீதி எல்லாம் சுலபம். அறையில் நீங்கள் எதைத் தெளித்தாலும், எதைக் கொளுத்தினாலும் அதையும் இந்தத் துணிதான் குடிக்கப்போகிறது. அதனால் வாசனையைச் சேர்ப்பது கடைசி வேலை. முதல் வேலை, வாடை எங்கிருந்து வருகிறது என்று பிடிப்பது.

எங்கேயிருந்து வருதுன்னு எப்படிப் பிடிக்கிறது? எனக்கு வாடையே தெரியலை, வீட்டுக்கு வர்றவங்கதான் சொல்றாங்க.

உங்கள் மூக்கில் கோளாறு எதுவும் இல்லை. ஒரே வாடையில் சில நிமிடம் இருந்தாலே மூக்கு அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும், எல்லோருக்கும் அப்படித்தான். அதனால் இரவு ஜன்னல், கதவு எல்லாம் சாத்திவிடுங்கள். காலையில் வெளியே அரை மணி நேரம் நடந்துவிட்டு வந்து நேரே அந்த அறைக் கதவைத் திறங்கள். முதல் இரண்டு மூச்சில் வருவதுதான் உண்மையான வாடை, அது மக்கலா, எண்ணெயா, மருந்து மாதிரியா, கருகலா என்று உடனே ஒரு பேர் வைத்துவிடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து யோசித்தால் பிடிபடாது.

அடுத்து, சந்தேகப்படுகிற பொருளை ஒவ்வொன்றாக ஒரு மூடி போட்ட டப்பாவில் வைத்து ஒரு ராத்திரி விட்டுவிட்டுத் திறந்து முகர்ந்து பாருங்கள். நான் ஒருமுறை இரண்டு வாரம் அலமாரியைக் கழுவுவதும் துணியை உலர்த்துவதுமாக இருந்தேன். கடைசியில் பார்த்தால் அயர்ன் பண்ணுகிற பலகையின் உறைக்கு அடியில் இருந்த ஸ்பாஞ்சுதான் காரணம். மாதக்கணக்கில் நீராவி குடித்து, காயாமலே கிடந்திருக்கிறது. மேல் உறையை மட்டும் துவைத்துத் துவைத்து மாட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

புதுத் துணியில ஒரு மருந்து வாடை வருதே, அது கெடுதலா?

துணி மில்லிலிருந்து வரும்போது வெறும் நூலாக வருவதில்லை. விறைப்புக்குக் கஞ்சி, மென்மைக்கு ஒரு ரசாயனம், சாயத்தின் மிச்சம் எல்லாம் இருக்கும். "சுருக்கம் விழாது" என்று விற்கிற பருத்தித் துணிகளில் பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு சேர்ந்த பிசின் இருக்கும், அந்தக் காரமான வாடைக்குப் பல நேரம் அதுதான் காரணம். துணியில் இருக்கிற அளவு பொதுவாகக் குறைவுதான், ஆனாலும் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் வரும், மூடிய அறையில் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்துத் தேய்க்கும்போது கண் எரியும்.

நல்லவேளை, ஃபார்மால்டிஹைடு தண்ணீரில் கரையும். அதனால் வெட்டுவதற்கு முன்னாலேயே ஒரு தடவை அலசிக் காயப்போட்டுவிடுங்கள், வாடையும் குறையும், தைத்த பிறகு சுருங்காமலும் இருக்கும். நான் துவைக்காத துணியை அலமாரியில் ஏற்றுவதே இல்லை. வாங்கி வந்த பை நேராகத் தண்ணீருக்குப் போகும், இல்லாவிட்டால் வெளியே கொடியில் தொங்கும்.

பட்டு, வெல்வெட் மாதிரி தண்ணி காட்ட முடியாத துணிக்கு?

நிழலில், காற்றோட்டமான இடத்தில், மடிப்பைப் பிரித்து இரண்டு மூன்று நாள் தொங்கவிடுங்கள். பாதிக்கு மேல் இதிலேயே போய்விடும். நேர் வெயில் வேண்டாம், பட்டில் நிறமும் போகும், இழையும் நைந்துபோகும்.

துவைக்கவே முடியாத நாடக உடைகளுக்கு உடையலங்காரம் செய்பவர்கள் ஒரு வேலை செய்வார்கள்: வாசனை சேர்க்காத ஓட்காவை உட்பக்கமாக லேசாகத் தெளித்து ஆறவிடுவார்கள். ஆல்கஹால் ஆவியாகும்போது வியர்வை வாடையும் குறைகிறது. செய்வதானால் முதலில் ஓரத்தில் ஒரு துளி விட்டு, வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள், சில சாயங்கள் ஒழுகிவிடும். பட்டில் ஈரம் பட்ட இடமே கறையாக நின்றுவிடுவதும் உண்டு. அப்புறம் இது தீப்பிடிக்கிற சரக்கு, நன்றாகக் காயும்வரை இஸ்திரிப் பெட்டி பக்கத்திலேயே வரக்கூடாது.

மெஷின்லேர்ந்தே ஒரு பழைய எண்ணெய் வாடை வருது.

மெஷினுக்கென்று விற்கிற எண்ணெய்க்கு வாடை கிட்டத்தட்ட கிடையாது, தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும். உங்களுக்குச் சிக்கு வாடை வருகிறது என்றால் இரண்டில் ஒன்று: யாரோ அவசரத்துக்குச் சமையல் எண்ணெய் விட்டிருக்கிறார்கள், அல்லது எண்ணெயில் ஊறிய பஞ்சு உள்ளே அடைந்து கிடக்கிறது. சமையல் எண்ணெய் காற்றுப் பட்டால் கெட்டுப்போய்ப் பிசுபிசுக்கும், கொஞ்ச நாளில் மெஷினே சுற்றக் கஷ்டப்படும். அப்படி ஆகியிருந்தால் மெக்கானிக்கிடம் கொடுத்துக் கழுவி, புது எண்ணெய் விடச் சொல்வதுதான் சரி.

பஞ்சை நீங்களே எடுத்துவிடலாம். பிளக்கைப் பிடுங்குங்கள், ஊசியைக் கழற்றுங்கள், ஊசித் தட்டின் ஸ்க்ரூவைத் திருகி எடுங்கள். துணியை நகர்த்துகிற பல்லுக்கு இரண்டு பக்கமும் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை படிந்திருக்கும், ஊசி முனையால் ஒரு ஓரத்தைத் தூக்கினால் கம்பளித் துண்டு மாதிரி அப்படியே உரிந்து வரும். நான் முதல் தடவை எடுத்தபோது அதைப் பார்த்து மெஷினோடு வந்த ஏதோ ஒரு வாஷர் என்றே நினைத்து மறுபடி வைக்கப் போனேன். முகர்ந்ததும் புரிந்துவிட்டது. பாபின் (கீழ்நூல் சுற்றுகிற சின்ன உருளை) உட்காருகிற கேஸையும் கழற்றி அதன் அடியைப் பிரஷ்ஷால் கூட்டி வெளியே தள்ளுங்கள், வாயால் ஊதாதீர்கள், ஊதினால் பஞ்சு இன்னும் உள்ளே போகும், எச்சில் ஈரத்தில் துருவும் பிடிக்கும். நாலைந்து பாபின் தீர்ந்ததும் ஒருமுறை இதைச் செய்தால் வாடை என்ற பேச்சே வராது. ஃப்ளானல், டெர்ரி டவல் தைத்தால் அன்றைக்கே.

தைச்சிட்டு இருக்கும்போது கருகின வாடை வருது, மெஷின் புதுசுதான்.

புது மெஷினில் முதல் சில மணி நேரம் லேசாகச் சூடு வாடை வரலாம், மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்து பழகுகிற வாடை அது. புகை வந்தாலோ, பெடலை எடுத்த பிறகும் வாடை ஏறிக்கொண்டே போனாலோ, மெஷின் உடம்பில் கை வைக்க முடியாத சூடு இருந்தாலோ உடனே பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கடைக்குக் கொண்டுபோங்கள். பழைய மெஷினில் பெல்ட் இறுகியிருந்தாலும், கைச்சக்கரத்தில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாலும் மோட்டார் திணறி இதே வாடை வரும், அதைமட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அயர்ன் பண்ணும்போது மட்டும் நாத்தமா இருக்கு.

இஸ்திரிப் பெட்டியின் அடியைப் பாருங்கள். பழுப்பாகப் படிந்திருப்பது கருகின கஞ்சியோ, காலருக்கு விறைப்பாக வைக்கிற பக்ரம் துணியின் உருகிய பசையோதான். அடி சூடாகும்போதெல்லாம் அது மறுபடி வேகிறது. ஆறியபிறகு ஈரத்துணியில் சமையல் சோடாவைக் குழைத்துத் தேய்த்தால் போகும், பூச்சு உள்ள அடியானால் அழுத்தித் தேய்க்காதீர்கள். நீராவிப் பெட்டியின் தொட்டியில் தண்ணீரை வைத்தபடியே மூடிவைப்பவர்களுக்கு அதிலிருந்தும் தேங்கின வாடை வரும், வேலை முடிந்ததும் கவிழ்த்துக் காலி செய்துவிடுங்கள். அந்தத் தொட்டியில் பன்னீர், சென்ட் என்று எதையும் ஊற்ற வேண்டாம், உள்ளே படிந்து அடைத்துக்கொள்ளும், பிறகு வெள்ளைத் துணியில் பழுப்புத் துளியாக வந்து விழும்.

வியர்வைச் சட்டையைத் துவைக்காமல் தேய்த்தால் அந்த வாடை பலகை உறைக்குள் இறங்கிவிடும். உறைக்கு அடியில் இருப்பதைப் பற்றி மேலேயே அழுதுவிட்டேன்.

மழைக்காலத்துல எல்லாத் துணியும் மக்கல் வாடை அடிக்குது. ஜன்னலைத் திறந்துதான் வெச்சிருக்கேன்.

அங்கேதான் தப்பு. வெளிக்காற்று ஈரமாக இருக்கும்போது ஜன்னலைத் திறந்து வைத்தால் அந்த ஈரத்தை நீங்களே துணிக்கு ஊட்டுகிறீர்கள். சின்னதாக ஒரு ஈரப்பதமானி வாங்கி அறையில் மாட்டுங்கள், இந்தப் பட்டியலில் நான் வாங்கச் சொல்கிற ஒன்றிரண்டு பொருட்களில் இது முதலாவது. முள் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நிம்மதி, 40க்கும் 50க்கும் நடுவில் இருந்தால் இன்னும் நல்லது. 70ஐத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் பூசணம் வரும். நனைந்த துணி சுருண்டு கிடந்தால் அதற்கு ஒன்றிரண்டு நாளே போதும்.

வெயில் வந்த நேரம் பார்த்து எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து ஒரு மணி நேரம் ஃபேன் போடுங்கள், மற்ற நேரம் சாத்திவையுங்கள். அலமாரியை வெளிச்சுவரோடு ஒட்டிவைக்காமல் நாலு விரல் தள்ளி வையுங்கள், சுவரின் குளிர்ச்சியில் அங்கேதான் ஈரம் வியர்க்கும். ஈரத்தை இழுக்கிற டீஹியூமிடிஃபையர் இருந்தால் ரொம்ப நல்லது, அதன் தொட்டியைத் தினமும் கொட்டுகிற பொறுமை இருந்தால். ஏசி போடுபவர்கள் அதன் ஃபில்டரை மற்ற அறைகளைவிட அடிக்கடி கழுவுங்கள், தையல் அறைப் பஞ்சு முழுக்க அங்கேதான் போய் ஒட்டுகிறது, ஒட்டின பஞ்சு ஈரத்தில் ஊறி அழுக்கு சாக்ஸ் வாடையை அறை முழுக்க வீசும்.

ஏற்கெனவே பூசணம் பிடிச்ச துணியைக் காப்பாத்தலாமா?

கரும்புள்ளியாக இழைக்குள் இறங்கிவிட்டால் புள்ளி போவது சந்தேகம், வாடை போகும். துணியை அறைக்குள் உதறாதீர்கள், வெளியே கொண்டுபோய், வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு பிரஷ்ஷால் தட்டுங்கள். துணி தாங்குகிற அளவு சூடான தண்ணீரில் சோப்புப் போட்டுத் துவைத்து, முழுசாகக் காயும்வரை வெயிலில் போடுங்கள். அது இருந்த அலமாரித் தட்டையும் துடைத்துக் காயவையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த துணி ரெடி. பேப்பர் பேட்டர்ன்களில் (துணி வெட்டுவதற்கு அளவு வரைந்த தாள்கள்) பிடித்திருந்தால் நகல் எடுத்துக்கொண்டு பழசைத் தூக்கிப் போடுங்கள்.

அப்போ பிளாஸ்டிக் டப்பாவுல காத்துப் புகாம மூடி வெச்சுட்டா?

உள்ளே போகிற துணி எலும்புபோலக் காய்ந்திருந்தால் நல்லதுதான். ஆனால் முதல் கேள்வியில் சொன்ன மாதிரி "காய்ந்த" துணியிலேயே ஈரம் இருக்கிறது, ராத்திரி குளிர்ந்ததும் அது டப்பாவுக்குள்ளேயே சுற்றும். அதனால் ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு சிலிக்கா ஜெல் பை போடுங்கள். பட்டும் கம்பளியும் பருத்தித் துணிப்பையில் இருப்பதே மேல்.

சிலிக்கா ஜெல், கரி, சமையல் சோடா, இதுல எது உண்மையிலேயே வேலை செய்யும்?

மூன்றும் செய்யும், ஆனால் மூன்றுக்கும் வேலை வேறு. சிலிக்கா ஜெல் ஈரத்தை இழுக்கும், வாடையை அல்ல. நிறம் மாறுகிற மணிகளாக வாங்கினால் எப்போது நிறைந்தது என்று தெரியும், ஓவனில் சுமார் 120 டிகிரியில் சில மணி நேரம் வைத்தால் மறுபடி பழையபடி ஆகும். நீல மணிகளில் கோபால்ட் குளோரைடு இருக்கும், குழந்தைகள் இருக்கிற வீட்டில் ஆரஞ்சு நிற வகையை வாங்குங்கள்.

வாடைக்குக் கரி. அதுவும் அடுப்புக் கரி இல்லை, ஆக்டிவேட்டட் கார்பன் என்று விற்பது. அதன் உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள் கோடிக்கணக்கில் இருப்பதால் வாடை மூலக்கூறுகள் போய் ஒட்டிக்கொள்ளும். சமையல் சோடா வியர்வை, புளித்த வாடை மாதிரி அமிலத்தன்மை உள்ளவற்றுக்கு நன்றாகக் கேட்கும், திறந்த கிண்ணத்தில் மூலையில் வைத்தால் பெரிதாக ஒன்றும் நடக்காது, துவைக்கிற தண்ணீரில் போட்டால் நடக்கும். வினிகர் மீன் வாடை மாதிரிக் காரத்தன்மை உள்ளதற்கு. சோடாவையும் வினிகரையும் சேர்த்துப் போட்டால் நன்றாகப் பொங்கும், பார்க்க அழகாக இருக்கும், ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு இரண்டும் வீணாகும்.

நாப்தலின் உருண்டை போட்டா பூச்சியும் வராது, வாடையும் வராதுன்னு சொல்றாங்களே?

பூச்சி வராமல் இருக்கலாம். வாடை வராது என்பது எப்படி, அதுவே ஒரு வாடைதானே! நாப்தலின் திண்மத்திலிருந்து நேராக ஆவியாகிற பொருள், அந்த ஆவியைத்தான் நீங்கள் நாள் முழுக்க உட்கார்ந்து சுவாசிக்கிறீர்கள். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2002இல் அதைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற வகையில் சேர்த்தது. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு, முக்கியமாகக் கைக்குழந்தைகளுக்கு, அதில் வைத்த துணியைப் போர்த்தினாலே ரத்தச் சிவப்பணுக்கள் சிதைகிற ஆபத்து உண்டு. குழந்தைத் துணி தைக்கிற அறையில் அது இருக்கவே வேண்டாம் என்பது என் கட்சி.

துணிப்பூச்சி தின்பது கம்பளியையும் பட்டையும்தான், சுத்தமான பருத்தியை அவ்வளவாகத் தொடாது. கம்பளியைத் துவைத்து, இறுக மூடிய துணிப்பையில் வைத்தாலே போதும். வெள்ளிமீன் பூச்சிக்குக் கஞ்சி பிடிக்கும், அதனால் கஞ்சி போட்ட துணியை மாதக்கணக்கில் அடுக்கிவைக்காதீர்கள்.

ரூம் ஸ்ப்ரே, ஊதுபத்தி, வாசனை மெழுகுவத்தி?

ஸ்ப்ரே வாடையை எடுப்பதில்லை, மேலே ஒரு வாடையைப் போர்த்துகிறது, அவ்வளவுதான். இரண்டு மணி நேரம் கழித்து மக்கலும் மல்லிகையும் கலந்த மூன்றாவது ஒன்று வரும், அது இரண்டையும்விட மோசம். ஊதுபத்தியும் மெழுகுவத்தியும் புகைக்கரியை வெளிர்த் துணியில் படியவிடும். அதைவிட முக்கியம், பஞ்சும் நூலும் பறக்கிற அறையில் தீ எதற்கு?

எசன்ஷியல் ஆயில் இயற்கைதானே, அதை ரெண்டு சொட்டு விடலாம்ல?

நானும் அப்படித்தான் நினைத்து, அலமாரித் தட்டில் லாவெண்டர் ஆயில் விட்டேன். ஒரு வாரத்தில் தட்டின் மரம் குடித்தது போக மிச்சம், மேலே இருந்த வெளிர் பட்டுத் துண்டில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டமாக ஏறியிருந்தது. ஆயில் என்றால் ஆயில்தான், எந்தச் செடியிலிருந்து வந்தாலும் கறை படும்.

வாசனை வேண்டும் என்றே ஆசைப்பட்டால் காய்ந்த லாவெண்டர் பூவைச் சின்னப் பருத்திப் பையில் கட்டி, துணியில் படாமல் கம்பியில் தொங்கவிடுங்கள், வெட்டி எறிகிற துண்டுத் துணிக்கும் ஒரு வழி ஆகும். வாசனை மங்கினால் கசக்கிவிடுங்கள். தேவதாரு மரத்துண்டு வைத்திருப்பவர்கள் உப்புத்தாளால் மேலாக ஒரு தேய் தேய்த்தால் மறுபடி மணக்கும். வீட்டில் பூனை இருந்தால் டீ ட்ரீ ஆயில் மாதிரியானவை வேண்டவே வேண்டாம், அதற்கு விஷம். வேறு யாருக்காவது தைத்துக் கொடுப்பவர்களும் வாசனையை விட்டுவிடுங்கள், உங்களுக்குப் பிடித்தது அவர்களுக்குத் தலைவலியாக இருக்கலாம்.

ஆல்டரேஷனுக்கு வர்ற துணி வியர்வை நாத்தம். எப்படிச் சொல்றதுன்னு கூச்சமா இருக்கு.

நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தால் எழுதி மாட்டிவிடுங்கள்: "துவைத்த துணியில் மட்டுமே அளவும் தையலும்." காரணம் கேட்டால் துவைத்த பிறகுதான் அளவு சரியாக வரும் என்று சொல்லலாம், அது பொய்யும் இல்லை. மீறி வந்துவிட்டால் மற்றத் துணிகளோடு சேர்க்காமல் கதவுக்கு வெளியே ஒரு ஆணியில் தொங்கட்டும். பாலியஸ்டர் உடைதான் ரொம்பப் படுத்தும், அது தண்ணீரைக் குடிக்காது, ஆனால் உடம்பு எண்ணெயை விடாமல் பிடித்துக்கொள்ளும், அதனால் ஒரு தடவை துவைத்தும் அக்குளில் அயர்ன் சூடு பட்டதும் வாடை எழும்பிவிடும்.

கட்டிங் டேபிளும் அலமாரியும் புதுசா போட்டேன், அதுலேர்ந்து கண்ணைக் கரிக்கிற வாடை.

எம்டிஎஃப், பார்ட்டிகிள் போர்டு இரண்டிலும் மரத்தூளை ஒட்டுகிற பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு வரும், புதுத் துணிக்குச் சொன்ன அதே ஆசாமி. சூடும் ஈரமும் ஏறினால் இன்னும் வரும். முதல் சில வாரம் கதவையும் டிராயரையும் திறந்தே வைத்து ஃபேன் போடுங்கள், துணியை அடுக்க அவசரப்படாதீர்கள். லேமினேட் ஒட்டாமல் விட்ட வெட்டு ஓரங்கள்தான் அதிகம் வெளியிடும், அடிப்பக்கம், பின்பக்கம், துளை போட்ட இடம் எல்லாவற்றையும் வார்னிஷ் அல்லது எட்ஜ் பேண்ட் (ஓரத்தில் ஒட்டுகிற பட்டை) போட்டு அடைத்துவிடுங்கள்.

ஓசோன் மெஷின் வெச்சா எல்லா வாடையும் ஒரே நாள்ல போயிடும்னு சொன்னாங்க.

வாடை குறையலாம். கூடவே எலாஸ்டிக்கும் போய்விடும். ஓசோன் ரப்பரில் வெடிப்பு விழவைக்கும், சாயத்தை மங்கவைக்கும், நுரையீரலுக்கும் கெடுதல். ஏர் ப்யூரிஃபையர் வாங்குவதானால் ஹெப்பா ஃபில்டரோடு கார்பன் ஃபில்டரும் கனமாக இருப்பதாகப் பாருங்கள், ஹெப்பா தூசியைப் பிடிக்கும், வாடையைப் பிடிக்காது.

நீங்க சொன்னது எல்லாம் செஞ்சு பார்த்துட்டேன். இன்னமும் ஒரு நாத்தம் இருக்கு.

அப்படியானால் அது தையல் சம்பந்தப்பட்டதே இல்லை. துணி மூட்டைக்குப் பின்னால் எலி கூடு கட்டியிருக்கலாம், அலமாரி இடுக்கில் பல்லி செத்திருக்கலாம், சுவருக்குப் பின்னால் குழாய் கசியலாம். தரையில் தண்ணீர் போகிற ஓட்டை இருந்து அதை யாரும் பயன்படுத்தாமல் விட்டால், அடியில் வளைவில் நிற்க வேண்டிய தண்ணீர் வற்றிச் சாக்கடை வாடை நேராக மேலே வரும், ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும்.

ஒன்றை மட்டும் ஒத்திப்போடாதீர்கள். மீன் சமைக்காத வீட்டில் மீன் வாடை, அதுவும் இஸ்திரிப் பெட்டியோ மெஷினோ ஓடும்போது மட்டும் வந்தால், சூடாகிற பிளக்கோ சுவிட்ச் போர்டோ உருக ஆரம்பித்திருக்கலாம். மெயினை அணைத்துவிட்டு, பக்கத்தில் இருக்கிற துணியை எல்லாம் நகர்த்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மெஷின், விளக்கு, இஸ்திரிப் பெட்டி மூன்றையும் சொருகியிருந்தால், அவர் வந்ததும் முதலில் காட்ட வேண்டியது அதைத்தான்.